கடலடியில் கற்ற பாடம்

(தடாவில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றியோ இசை பற்றியோ பேசுவது நம் மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் எங்களை அழைத்து, "நீங்கள் நால்வரும் புதுச்சேரிக்குச் சென்று கடலுக்குள் மூழ்கிப் பழகி வந்தீர்களாமே, அதைச் சொல்லுங்கள்" என்று பணித்தனர். புலமை வேண்டாத தலைப்பாயிற்றே என்று மகிழ்ந்து இசைந்தோம். பேச்சை எழுத உட்கார்ந்த பின்னரே, இதில் சொல்லித் தீர வேண்டிய செய்தி ஒன்று உண்டென்பதையும், அது நம் பிள்ளைகளின் உயிரைப் பற்றியது என்பதையும் உணர்ந்தோம். நம் காலனியின் இளைஞர் பலர் வரும் விடுமுறையில் 'ஸ்கூபா' பழகப் போவதாகக் கூறிவருகின்றனர். அவர்களைத் தடுக்க நாங்கள் வரவில்லை. எப்படிப் போக வேண்டும் என்று சொல்லவே வந்தோம்.

கடலில் மூழ்குவது நமக்கென்ன தொடர்பு என்று எண்ணுவோர் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாளை நினைவு கூர வேண்டுகிறோம். அன்று காலை நம்மில் பலர் மாடிகளில் நின்று வடகிழக்குத் திசையையே நோக்கிக்கொண்டிருந்தோம். விண்ணுக்கு மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக் கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழவிருந்தது. ஐந்து நொடி இருக்கும்பொழுது பொறி தானே நின்றுவிட்டது. பிறகு பிழை கண்டு திருத்திப் பத்து மணிக்கு ஏவினர். ஏறியதைக் கண்டு கைதட்டிவிட்டு நாம் சிற்றுண்டிக்குப் போய்விட்டோம். மனிதர் அமரும் கூடு குடைகளில் தொங்கிக்கொண்டு இறங்கிக் கரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் கடலில் விழுந்ததே, அதை மீட்டவர் யார்? கடற்படையின் கப்பலும் முக்குளிப்போர் குழுவும் அன்றோ! விண்வெளிக்குப் போகும் வீரர் எவராயினும், திரும்புகையில் அவரை முதலில் வரவேற்பவர் நீரில் மிதக்கும் ஒரு முக்குளிப்போராகவே இருக்கக்கூடும். அத்தகையோரைப் பயிற்றும் கடற்படைப் பள்ளி கொச்சியில் இருக்கிறது.

நமக்கோ அருகில் பயிற்சி நிலையம் இல்லை. பழவேற்காட்டு ஏரி இருக்கிறதே என்பீர்கள். பரப்பில் அது பெரிது. ஆழத்தில், பல இடங்களில் எழுந்து நின்றால் இடுப்பளவு. அங்கே பூநாரைகள் நின்றுகொண்டே மூழ்கி உணவு தேடும். மனிதருக்கு அது போதாது. ஆதலின் சென்னையைத் தாண்டிக் கோவளம் வரையோ புதுச்சேரி வரையோ செல்ல வேண்டியிருக்கிறது.

முதற்கண் கருவிகளைப் பற்றிச் சொல்வோம். 1943-ஆம் ஆண்டு, பிரான்சு நாடு பகைவர் கைப்பட்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமையால் அங்கே கார்களை வாயுவைக் கொண்டு ஓட்டினர். அவ்வாயுவைத் தேவைக்கேற்ப அளந்துவிடும் ஒரு வால்வை எமில் காக்னான் என்னும் பொறியாளர் அமைத்திருந்தார். கடற்படை அதிகாரியான ஜாக் கூஸ்தோ அவரிடம் சென்று, எஞ்சினுக்கு அளந்து தருவதை மனிதரின் நுரையீரலுக்கும் அளந்து தர இயலுமா என்று கேட்டார். அக்கேள்வியினின்று பிறந்ததே இன்றைய ரெகுலேட்டர். பெட்ரோல் பஞ்சம் கடலின் கதவைத் திறந்தது என்றால் மிகையாகாது.

முதுகில் சுமப்பது அலுமினியச் சிலிண்டர். அதனுள் இருப்பது ஆக்ஸிஜன் என்று பலர் கருதுகின்றனர். அன்று, நாம் இங்கே சுவாசிக்கும் இதே காற்றைத்தான் வடிகட்டி அடைத்திருக்கின்றனர். தூய ஆக்ஸிஜன் ஆறு மீட்டர் ஆழத்திற்குக் கீழே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். வழக்கமான சிலிண்டர் ஒன்றின் கொள்ளளவு 11 லிட்டர்; அதில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை நிரப்புவர். ஆகவே ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று. அக்காற்றின் எடை மட்டுமே இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல் என்றபொழுது எங்களால் நம்ப முடியவில்லை. காற்று செலவாகச் செலவாகச் சிலிண்டர் இலேசாகி, மூழ்கும் நேரத்தின் இறுதியில் அது நம்மை மேலே இழுக்கத் தொடங்கும். அதற்காகவே தொடக்கத்தில் இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கணக்கிட்டுக் கட்டுகின்றனர். காற்றை ஊதியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்துகொள்ளும் சட்டை ஒன்று, எஞ்சிய காற்றைக் காட்டும் அழுத்தமானி, ஆழமும் நேரமும் கணக்கிடும் மணிக்கட்டுக் கருவி, முகக்கண்ணாடி, காலுக்குத் துடுப்பு, உடல்சூடு போகாமல் காக்கும் ரப்பர் உடை. இவ்வளவும் சேர்ந்தால் கரையில் நடப்பதே பெரும்பாடு. எங்களுள் மூத்தவர் படகில் ஏறுமுன் இருமுறை உட்கார்ந்துவிட்டார். நீரினுள் இறங்கியவுடன் அச்சுமை மாயமாய் மறைகிறது.

நீருள் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே ஒன்று, பத்து மீட்டரில் இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. ரெகுலேட்டர் அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திற்கு ஒப்பவே காற்றைத் தருகிறது. இல்லையேல் நெஞ்சு விரியாது. ஆனால் கணக்குப் பாருங்கள். நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்று உட்கொள்ளும் ஒருவருக்கு மேலே 110 நிமிடம் வரக்கூடிய சிலிண்டர், பத்து மீட்டரில் 55 நிமிடமே வரும். இருபதில் 36 நிமிடம். அச்சத்தால் மூச்சு வாங்கினால் அதிலும் பாதி. எங்களுள் ஒருவர் முதல் நாள் இருபது நிமிடத்தில் சிலிண்டரைக் காலி செய்தார். நான்காம் நாள் அதே அளவு காற்று அவருக்கு நாற்பது நிமிடத்திற்கு மேல் வந்தது. கருவி மாறவில்லை.

கீழே அடைத்துக்கொண்ட காற்று மேலே வரும்பொழுது விரியும் என்பதும் இக்கணக்கினுள் அடங்கியதே. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால், அக்காற்று இருமடங்காகும். நுரையீரல் இருமடங்காகாது, கிழியும். இரண்டு ஆள் ஆழமுள்ள நீச்சல் குளத்திலும் இது நிகழக்கூடும். ஆகவே இப்பயிற்சியின் முதல் விதி, எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே என்பது. நீச்சல் அறிந்த நம்மவருக்கு இதுவே மிகக் கடினம். ஏனெனில் கிணற்றிலும் குளத்திலும் நாம் சிறுவயது முதல் கற்றது மூச்சை அடக்குவதையே. ஆபத்தில் மேலே ஏற நேர்ந்தால் 'ஆ' என்று ஒலி எழுப்பிக்கொண்டே ஏறச் சொல்லித் தருகின்றனர். ஒலி வரும்வரை காற்று வெளியேறுகிறது என்று பொருள்.

இனி, நாங்கள் வெட்கத்துடன் சொல்ல வேண்டிய ஒன்று. புதுச்சேரிக்குப் போவதற்கு முந்தைய ஆண்டில் வேறொரு கடற்கரை ஊருக்குச் சுற்றுலா சென்றிருந்தோம். அங்கே ஓரிடத்தில் குறைந்த கட்டணத்தில் மூழ்க வைப்பதாகக் கூறினர். உடல்நிலை பற்றி ஒரு கேள்வி இல்லை. நீச்சல் தெரியுமா என்று கேட்டவர் இல்லை. பத்து நிமிடம் கரையில் நின்று பேசிவிட்டு, படகில் ஏற்றிக் கடலில் இறக்கினர். எங்களுள் ஒருவருக்குச் சளி பிடித்திருந்தது. இறங்கும்பொழுது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிக் காதினுள் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். சளியிருந்தால் அது இயலாது. வலி தாங்காமல் கையை அசைத்தார். துணைக்கு வந்தவரோ வேறு இருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் அச்சத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தார். நல்வினையாக ஆழம் மிகக் குறைவு. செவிப்பறை கிழிந்து குருதி வந்ததோடு போயிற்று. ஆறு வாரம் மருத்துவம். நாங்கள் பணத்தைத் திரும்பக் கேட்கவும் இல்லை, முறையிடவும் இல்லை. படம் எடுத்து வந்து காலனியில் எல்லோருக்கும் காட்டினோம். அப்படங்களைப் பார்த்தே பல இளைஞர்களுக்கு இவ்வாசை தோன்றியது என்பதால், அதற்கு ஈடாகவும் இன்று பேசுகிறோம்.

புதுச்சேரியில் கண்டது வேறு. முதல் நாள் முழுவதும் பாடம். உடல்நிலைக் கேள்வித்தாள், ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காதில் அறுவை, கருவுற்றிருத்தல் என ஒவ்வொன்றாகக் கேட்கின்றனர், ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவர் கையொப்பம் இன்றி நீரில் இறக்குவதில்லை. பிறகு 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும்; வேகம் பொருட்டன்று. பத்து நிமிடம் எதையும் பற்றாமல் மிதக்க வேண்டும். அடுத்துக் குளத்தில் பயிற்சி. முகக்கண்ணாடியினுள் வேண்டுமென்றே நீரை நிரப்பி, மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். வாயிலிருக்கும் ரெகுலேட்டரை எடுத்து எறிந்துவிட்டுத் தேடிப் பிடித்துப் பொருத்த வேண்டும். தோழரின் காற்று தீர்ந்ததாகக் கொண்டு, நம்மிடமுள்ள இரண்டாம் வாய்க்குழலை அவருக்கு அளிக்க வேண்டும். இவற்றை உடல் தானே செய்யும் வரை திரும்பத் திரும்பச் செய்வித்த பின்னரே கடல். அங்கும் நான்கு முறை மூழ்கிக் காட்ட வேண்டும். முதற்படி சான்றிதழ் பெற்றவருக்கு எல்லை 18 மீட்டர்.

நீருள் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை, கையே மொழி. கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்று நாம் கொள்வோம். அங்கே அதற்குப் பொருள் 'மேலே போவோம்' என்பது. எங்கள் மூத்தவர் வண்ண மீன் கூட்டம் ஒன்றைக் கண்டு களிப்பில் கட்டைவிரலை உயர்த்த, பயிற்சியாளர் உடனே அவரைப் பற்றி மேலே கொண்டு சென்றுவிட்டார். நாங்களும் உடன் ஏற வேண்டியதாயிற்று. மீன்கள் அங்கேயே இருந்தன.

ஏறுவதிலும் விதி உண்டு. நிமிடத்திற்கு ஒன்பது மீட்டருக்கு மிகாமல் ஏறி, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். காரணம் யாதெனின், அழுத்தத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கரைந்திருக்கும். கோலி சோடாவின் கோலியை அழுத்தியவுடன் நுரை பொங்குவதைப் போன்று, விரைந்து மேலே வந்தால் அந்நைட்ரஜன் உடலினுள் குமிழியாகப் பொங்கும். மூட்டில் பொங்கினால் வலி. தண்டுவடத்தில் பொங்கினால் கால்கள் செயலிழக்கும். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங், ஆற்றடிப் பேழையில் அழுத்தக் காற்றில் பணிபுரிந்து இந்நோயால் முடங்கியவர். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து, எவ்வளவு ஆழத்திலிருந்து எத்துணை மெதுவாக ஏற வேண்டும் என்று 1908-இல் அட்டவணை வகுத்தார். இன்று மணிக்கட்டுக் கருவி கணிப்பது அவ்வட்டவணையின் வழிவந்ததே. நம் ஊராருக்கென ஒரு குறிப்பு: கடைசியாக மூழ்கிய பின் 18 மணி நேரம் விமானம் ஏறுதல் கூடாது, மலையேறுதலும் அத்தகையதே. புதுச்சேரியில் காலையில் மூழ்கிவிட்டு, வழியில்தானே என்று இரவே திருமலைக்கு வண்டியை விட்டுவிடாதீர்கள். ஏழுமலையான் மறுநாளும் அங்கேயே இருப்பார்.

இந்நோயைப் பற்றி நாங்கள் பயிற்சி நிலையத்தில்தான் முதன்முதலில் படித்தோம். ஆனால் முன்னரே கண்டிருந்தோம். எங்கள் பெரியப்பா தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். கொற்கையின் காலந்தொட்டு அக்கரையில் முத்தும் சங்கும் எடுத்து வந்தோர் மூச்சடக்கி மூழ்கியவர்களே. காலில் கல்லைப் பிணைத்து இறங்கி, ஒரு நிமிட அளவில் கையில் கிடைத்ததைப் பையில் இட்டுக் கயிற்றை அசைப்பர், படகிலிருப்பவர் இழுத்துவிடுவார். அக்கயிற்றைப் பிடிப்பவர் மனைவியின் உடன்பிறந்தானாக இருப்பார் என்று கூறுவதுண்டு. தன் தங்கை விதவையாக எவன் பொறுப்பான்? முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளித்தல் தொடர்ந்தது. பின்னர்க் கம்ப்ரஸர் வந்தது. படகில் காற்றடைக்கும் பொறியை வைத்து, நீண்ட குழாயை மூழ்குவோர் வாயில் கொடுத்துவிடுவர். ஒரு நிமிடம் இருந்தவர் ஒரு மணி நேரம் இருக்கலாயினர். கரையோரம் சங்கு அருகவே ஆழம் தேடிச் சென்றனர். கருவி வந்தது, அட்டவணை வரவில்லை. மூச்சடக்கி மூழ்குவோர் எவ்வளவு விரைந்து மேலே வருகிறாரோ அவ்வளவு நல்லது. அப்பழக்கத்திலேயே குழாயோடு மூழ்கியோரும் விரைந்து மேலே வந்தனர்.

பெரியப்பா ஒரு நாள் மாலை கரைக்கு வந்து தோள் வலிக்கிறது என்றார். பெரியம்மா எண்ணெய் தேய்த்துவிட்டார். இரவில் கால் மரத்தது; விடியலில் எழ முடியவில்லை. காற்றுப் பிடித்திருக்கிறது என்றனர். ஒரு வகையில் அது மெய்யே. உடனே அழுத்த அறையில் வைத்து, மீண்டும் அழுத்தத்திற்கு உட்படுத்தி மெல்லத் தளர்த்தியிருந்தால் நடந்திருப்பார் என்பதை நாங்கள் இவ்வாண்டுதான் அறிந்தோம். அன்று அதைச் சொல்ல அங்கே ஒருவர் இல்லை. பதினேழு ஆண்டுகள் திண்ணையில் அமர்ந்து வலை பின்னினார். கயிறு பிடித்த மாமா ஒவ்வொரு மாலையும் வந்து எதிரே உட்காருவார். தாம் என்ன பிழை செய்தோம் என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. கயிற்றைச் சரியாகவே பிடித்தார், வேகமாகவே இழுத்தார்.

இன்றைய பயிற்சியிலும் கயிறு பிடிப்பவர் உண்டு. இருவர் இருவராகவே மூழ்க வேண்டும். இறங்குமுன் ஒருவர் கருவிகளை மற்றவர் தொட்டுத் தொட்டுச் சோதிக்க வேண்டும். நீருள் ஒருவரைவிட்டு ஒருவர் பிரிதல் ஆகாது. எங்களுக்கு அதைக் கற்பித்த பயிற்சியாளரிடம் பெரியப்பாவின் கதையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, மறுநாள் பாடத்தில் ஏறும் முறையை மட்டும் மூன்று முறை செய்வித்தார்.

நம் இளைஞர்கள் போகட்டும். கடலடியைக் காண்பது பெரும்பேறு. பூம்புகாரில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தாரும், 2002-இல் மாமல்லபுரத்தில் அவர்களோடு வெளிநாட்டுக் குழுவினரும் மூழ்கித்தான் நீரடிக் கட்டடச் சிதைவுகளைக் கண்டனர். 1956-இல் திருகோணமலையில் மைக் வில்சன் மூழ்கியபொழுது, போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் கண்டார். நாளை நம் காலனிப் பெண் ஒருத்தி அத்தகைய ஆய்வில் இறங்கமாட்டாள் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால், முதலில் நீச்சல். உப்பலமடுகு அருவியின் மடுக்களில் நீச்சல் அறியாமல் இறங்கி மாண்டோர் செய்தியைப் படித்துவிட்டு, அடுத்த ஞாயிறே அங்கு உல்லாசப் பயணம் போகிறோம் நாம். ஆகவே செயற்குழுவினர் காலனிப் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு ஒன்றை ஏற்பாடு செய்ய இசைந்துள்ளனர். 200 மீட்டர் நீந்திக் காட்டியவர்களை மட்டும் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்வோம். பத்து வயது நிறைந்த சிறுவரும் சேரலாம். பெற்றோர் கையொப்பம் வேண்டும். குறைந்த கட்டணம் என்று வேறிடம் காட்டுவோரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: உடல்நிலைத் தாள் எங்கே? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முதலில் குளமா, நேரே கடலா? அவசரத்திற்கு ஆக்ஸிஜன் படகில் உண்டா? ஒன்றுக்கு விடை இல்லையெனினும் வண்டியைத் திருப்புங்கள்.

உடல்நிலைக் கேள்வித்தாளின் படிகளை வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறோம். வீட்டிற்கு எடுத்துச் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து நிரப்புங்கள். ஆஸ்துமா உண்டா என்ற வரிக்கு வரும்பொழுது, பையன் ஏமாந்து போவானே என்று இரங்கி, 'இல்லை' என எழுதிவிடாதீர்கள்.